குடிமை உரிமைப் போராளிகளை அரசு விடுமுறைகள் எவ்வாறு போற்ற வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் சனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை அரசு அலுவலகங்கள், வங்கிகள், பெரும்பாலான பள்ளிகள் ஆகியவை மூடியிருக்கும். அன்று, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்டு 1950, 60களில் நடந்த குடிமை உரிமை இயக்கத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாள் விடுமுறை. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நாள் மூன்று நாள் வார இறுதியாகவே முதலில் அறிமுகமாகிறது. அதன் பின்னால் இருக்கும் சட்டப் போராட்டமும் இன்றுவரை ஓயாத வாதங்களும் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. சட்டமும் வரலாறும் பேச வேண்டிய இடங்களில் அவற்றையே இப்பக்கத்தில் முன்வைத்திருக்கிறேன். எப்படிப் போற்றுவது சரி என்ற இடங்களில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

குடிமை உரிமை இயக்கத்துக்காக அமெரிக்கக் கூட்டாட்சி அரசு எத்தனை விடுமுறைகளை அளித்திருக்கிறது?

நேரடியாக ஒன்றே ஒன்றுதான். கூட்டாட்சிச் சட்டம் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளை வகுத்திருக்கிறது. கிறிஸ்துமஸைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், அவற்றுள் தனிமனிதர்களுக்குரியவை மூன்று மட்டுமே: முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், கடலோடி கொலம்பஸ், கிங். அரசுப் பதவி எதையும் வகிக்காத, அமெரிக்க மண்ணிலேயே பிறந்த ஒருவருக்கு அளிக்கப்பட்ட ஒரே விடுமுறை கிங்குடையது.

2021இல் சேர்க்கப்பட்ட ஜூன் 19ஆம் நாள், அதாவது ஜூன்டீன்த், அடிமை முறையின் முடிவைக் குறிப்பது. 1865இல் அதே தேதியில் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகருக்கு வந்த, உள்நாட்டுப் போரில் வென்ற வடக்குப் படையின் தளபதி கோர்டன் கிரேஞ்சர், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணையை வெளியிட்டார். இது குடிமை உரிமை இயக்கத்துக்கு நூறாண்டு முந்தைய நிகழ்வு. ஆயினும் 1968இல் ஏழை மக்கள் இயக்கத்தினர் வாஷிங்டனில் தங்கள் பெரும் பேரணியை ஜூன் 19 அன்றே நடத்தினார்கள் என்பது இரண்டு வரலாறுகளையும் இணைக்கிறது.

கூட்டாட்சி விடுமுறை என்றால் நாடு முழுவதும் விடுமுறை என்று பொருளா?

இல்லை. கூட்டாட்சிச் சட்டம் கூட்டாட்சி அரசின் ஊழியர்களையும் தலைநகரப் பகுதியையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தங்கள் ஊழியர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் எந்த நாள் விடுமுறை என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்கிறது. தனியார் நிறுவனங்கள் விடுமுறை அளிக்க வேண்டும் என்றோ, விடுமுறை நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்றோ கூட்டாட்சிச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. நியூயார்க் பங்குச் சந்தை கிங் நாளுக்கு மூடத் தொடங்கியதே 1998இல்தான். இந்த ஓர் அமைப்பைப் புரிந்துகொண்டால், கீழே வரும் மாநிலச் சண்டைகள் பலவற்றின் காரணம் விளங்கும்.

கிங் 1968இல் கொல்லப்பட்டார். சட்டம் 1983இல்தான் வந்தது. ஏன் இத்தனைத் தாமதம்?

மெம்பிஸ் நகரில் 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்ட நான்காம் நாள், டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ஜான் கோனியர்ஸ் பிரதிநிதிகள் சபையில் முதல் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். அது நகரவில்லை. அவரும் அவருடன் இருந்த கறுப்பின உறுப்பினர்களும் சளைக்காமல் அதை மீண்டும் மீண்டும் முன்வைத்தார்கள். 1979இல் அது வாக்கெடுப்பு வரை வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்ட அந்த வாக்கெடுப்பில் 252 பேர் ஆதரித்தும், 5 வாக்குகள் குறைந்ததால் தோற்றுப்போனது.

எதிர்த்தவர்கள் இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். இன்னொரு சம்பள விடுமுறை அரசுக்குச் செலவு வைக்கும் என்பது ஒன்று. அரசுப் பதவி வகிக்காத தனிமனிதருக்கு நாட்டின் விடுமுறையை அளிக்கும் வழக்கம் இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே கொலம்பஸின் பெயர் வந்தவுடன் வலுவிழக்கும் வாதங்கள். சொல்லப்படாத மூன்றாம் காரணமும் இருந்தது. கிங் உயிரோடு இருந்தபோது பெரும்பான்மை அமெரிக்கர்கள் அவரை விரும்பவில்லை. 1966இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் அவரைப் பற்றி எதிர்மறையான கருத்தையே கூறினர்.

தோல்விக்குப் பிறகு வேலை மன்றத்துக்கு வெளியே நடந்தது. கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் மாநிலம் மாநிலமாகச் சென்று ஆதரவு திரட்டினார். பாடகர் ஸ்டீவி வொண்டர் பிறந்தநாள் வாழ்த்துப் பாடல் ஒன்றை இந்தக் கோரிக்கைக்காகவே எழுதிப் பாடினார். 1981 சனவரி 15 அன்று வாஷிங்டனில் பெரும் பேரணியையும் கூட்டினார். 60 லட்சம் கையெழுத்துகள் திரண்டன. 1983இல் இண்டியானா மாநிலத்தின் கேட்டி ஹால், விடுமுறையைப் பிறந்தநாளான 15ஆம் தேதியிலிருந்து திங்கட்கிழமைக்கு மாற்றிப் புதிய முன்வரைவைக் கொண்டுவந்தார். ஆகஸ்டு 2 அன்று பிரதிநிதிகள் சபை 338க்கு 90 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது. செனட்டில் வட கரோலைனாவின் ஜெசி ஹெல்ம்ஸ், கிங்கைக் கம்யூனிஸ்டுகளின் கூட்டாளி என்று குற்றஞ்சாட்டும் கோப்பு ஒன்றைச் சுற்றுக்கு விட்டு முட்டுக்கட்டை போட்டார். நியூயார்க் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் அந்தக் கோப்பை அவையின் தரையில் வீசினார். இறுதியில் அக்டோபர் 19 அன்று 78க்கு 22 என்று செனட்டும் இசைந்தது. விருப்பமில்லாதவராகவே நீண்டகாலம் இருந்த ரொனால்ட் ரேகன் நவம்பர் 2 அன்று கையெழுத்திட்டார். முதல் விடுமுறை 1986 சனவரி 20 அன்று கடைப்பிடிக்கப்பட்டது.

போற்றும் முறை பற்றிப் பேசும் எவரும் இந்த 15 ஆண்டுகளை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அரசு தானாக மனமுவந்து அளித்த பரிசு அல்ல இது. வாக்குரிமையைப் போலவே இந்த நாளையும் அந்த மக்கள் கேட்டு, திரண்டு, வாதாடிப் பெற்றார்கள்.

சட்டம் வந்த பிறகு மாநிலங்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டனவா?

1983இல் தொடங்கிய அந்தக் கதை 2000இல்தான் ஓரளவு முடிந்தது. அரிசோனாவில் நடந்தது பலரும் அறிந்தது. ஆளுநர் புரூஸ் பாபிட் 1986இல் ஆணை மூலம் விடுமுறையை அறிவித்தார். அடுத்து வந்த ஈவன் மெக்கம் 1987 சனவரியில் பதவியேற்றதும் அதை நீக்கினார். பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கிங் நாளாக அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக அளிக்கும் தாராளத்துக்கு என்ன விளக்கம் தேவை? பாடகர்கள் அந்த மாநிலத்தில் நிகழ்ச்சி நடத்த மறுத்தார்கள். மாநாடுகள் வேறு ஊர்களுக்குப் போயின. 1990இல் மக்கள் வாக்கெடுப்பிலும் விடுமுறை தோற்றது. அதன் விளைவாகத் தேசியக் கால்பந்து லீக், 1993ஆம் ஆண்டின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை அரிசோனாவின் டெம்பியிலிருந்து கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கு மாற்றியது. 1992 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தபோது விடுமுறை வென்றது. 1996இல் சூப்பர் பவுல் டெம்பிக்கு வந்தது.

அரிசோனா வாக்காளர்கள் மனம் மாறினார்களா, வருமானக் கணக்குப் போட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் கலந்திருக்கலாம். அலபாமாவின் மான்ட்கமரி நகரப் பேருந்து நிறுவனத்தின் மனத்தை மாற்றவும் குடிமை உரிமை இயக்கம் பயன்படுத்தியது புறக்கணிப்பையே அல்லவா?

நியூ ஹாம்ப்ஷயர் 1991இல் ‘குடிமை உரிமை நாள்’ என்ற பெயரில் விடுமுறையை ஏற்றது. கிங்கின் பெயரைச் சேர்ப்பதற்கு 1999 வரை ஆனது. யூட்டா ‘மனித உரிமை நாள்’ என்று 2000 வரை அழைத்தது. தென் கரோலைனாவில், அரசு ஊழியர்கள் கிங் நாளையோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குக் கூட்டமைப்பின் நினைவு நாள்களுள் ஒன்றையோ விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 2000இல் அங்கே கிங் நாள் எல்லோருக்குமான விடுமுறை ஆயிற்று. ஆனால் அதே சட்டம் மே 10ஐத் தெற்குக் கூட்டமைப்பு வீரர்களின் நினைவு விடுமுறையாகவும் ஆக்கியது.

கிங்கையும் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் ஈ. லீயையும் ஒரே நாளில் போற்றும் மாநிலங்கள் உண்டு என்பது உண்மையா?

உண்மை. லீ பிறந்தது சனவரி 19. தெற்கு மாநிலங்கள் சில அந்த நாளை ஏற்கெனவே விடுமுறையாக வைத்திருந்தன. கிங்குக்குத் தனி நாள் கொடுப்பதற்குப் பதிலாக இரண்டையும் இணைத்துவிட்டன. வெர்ஜீனியாவில் 1984 முதல் 2000 வரை ‘லீ–ஜாக்சன்–கிங் நாள்’ என்றே ஒன்று இருந்தது (ஜாக்சன் மற்றொரு தெற்குப் படைத் தளபதி). 2000இல் இரண்டாகப் பிரித்தார்கள். 2020இல் லீ–ஜாக்சன் நாளை முற்றிலும் நீக்கி, அந்த இடத்தில் தேர்தல் நாளை விடுமுறையாக்கினார்கள். ஆர்கன்சா 2017இல் லீயைப் பிரித்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் இன்றும் இருவரையும் சேர்த்தே கடைப்பிடிக்கின்றன.

‘இரு தரப்பையும் மதிக்கிறோம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. மனிதரைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமைக்காகப் போரிட்ட அரசின் தளபதியையும், அந்தச் சொத்தாக இருந்தவர்களின் வழித்தோன்றலையும் ஒரே வரியில் எழுதினால் இருவரில் ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னதாகவே ஆகும். ஒரு விடுமுறை என்ன சொல்கிறது என்பதை அதன் உரையில் மட்டுமல்லாமல் நாள்காட்டியில் அது யாரோடு நிற்கிறது என்பதிலும் படிக்க வேண்டும். இதற்கு மாறாக வெர்ஜீனியா செய்ததை நல்ல முன்மாதிரியாகக் கருதுகிறேன். வாக்குரிமைக்காக மக்கள் அடிபட்டு உயிர்விட்ட இயக்கத்தைப் போற்ற, வாக்களிக்கும் நாளில் வேலைக்குப் போகாமல் இருக்கும் வசதியைத் தருவதைவிடப் பொருத்தமானது எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை.

இயக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்க, ஒருவர் பெயரில் மட்டும் நாள் இருப்பது நியாயமா?

மிகச் சரியான கேள்வி இது. நியூ ஹாம்ப்ஷயரிலும் யூட்டாவிலும் பொதுப்பெயர் வைத்தவர்கள் இந்த வாதத்தையே பயன்படுத்தினார்கள் என்பதால் இதைச் சற்றே கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. அந்த மாநிலங்களில் ‘எல்லோரையும் போற்றுவோம்’ என்பது எவரையும் குறிப்பிடாமல் தப்பிக்கும் வழியாக இருந்தது. பெயர் இருக்கட்டும். ஆனால் அந்த நாளில் சொல்லப்படும் கதை அந்தப் பெயரோடு முடிந்துவிடக் கூடாது.

மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பையே எடுத்துக்கொள்வோம். 1955 திசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானார் என்பதும், கிங் இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார் என்பதும் பாடநூல் அறிந்த செய்தி. அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதே காரணத்துக்காகக் கைதானாள். பார்க்ஸ் கைதான இரவே அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியும்வரை அச்சிட்டார். விடிந்ததும் ஊரெல்லாம் அவை பரவின. அப்போது 26 வயதே ஆகியிருந்த, ஊருக்குப் புதிய போதகரான கிங், இயக்கம் தொடங்கிய பிறகே அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புறக்கணிப்பு 381 நாள்கள் நீடித்தது. அத்தனை நாளும் மக்களை ஏற்றிச் சென்ற கார்களுக்கு எரிபொருள் வாங்கப் பணம் வேண்டுமே. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரரும் அவருடைய தோழியரும் தங்கள் அடுப்படியில் உணவும் இனிப்பும் செய்து விற்றுப் பணம் திரட்டினார்கள். கொடுத்தவர் பெயர் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், தங்கள் குழுவுக்கு ‘எங்குமில்லாத ஊரின் மன்றம்’ என்ற பொருள்படப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று உண்மையாகவே பதில் சொல்ல முடிந்தது.

கடைசியில் பேருந்துகளில் பிரிவினையை ஒழித்தது நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் பார்க்ஸோ கிங்கோ அல்லர். ஆரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின் ஆகிய நால்வரின் வழக்கில்தான் 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது. இந்தப் பெயர்களைச் சொல்வதால் கிங் சிறுத்துப்போவதில்லை. 381 நாள்கள் வேலைக்கு நடந்தே போகத் துணிந்த ஒரு நகரத்தின் குரலாக அவர் இருந்தார் என்பதே அவர் பெருமை.

பெயர் மறைக்கப்பட்டவர்களும் உண்டு. 1963 ஆகஸ்டு 28 வாஷிங்டன் பேரணியை ஒழுங்கமைத்தவர் பயார்ட் ரஸ்டின். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதைக் காட்டி எதிரிகள் தாக்குவார்கள் என்று அஞ்சிய தலைவர்கள் அவரைப் பின்னணியிலேயே வைத்திருந்தார்கள். நாட்டின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு 2013இல், இறந்த பிறகே, கிடைத்தது. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவுசெய்யப் போன அதே நாளில் 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஃபேனி லூ ஹேமர், 1963இல் வினோனா நகரச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழு முன் அதைச் சாட்சியமாகச் சொன்னார். இயக்கத்தின் மாணவர் அமைப்பு (SNCC) 1960இல் உருவாகக் காரணமாக இருந்த எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணி, ஒற்றைத் தலைவரை நம்பி நிற்கும் இயக்கம் வலுவான இயக்கம் அல்ல என்ற கருத்தை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். கிங் நாளன்று பேக்கரின் அந்தக் கருத்தைப் பேசுவது முரண் அல்ல, மிகவும் தேவையானது.

அப்படியானால் ஒவ்வொருவருக்கும் தனி விடுமுறை வேண்டாமா?

வேண்டாம் என்பதே என் எண்ணம். நாள்காட்டியில் இடம் குறைவு என்பதனால் சொல்லவில்லை. விடுமுறைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் பொருளும் தேய்கிறது. அமெரிக்க மாநிலங்கள் இதற்கு ஒரு நடுவழியைக் கண்டிருக்கின்றன: விடுமுறை இல்லாத சிறப்பு நாள். கலிபோர்னியா 2010இல் இயற்றிய சட்டத்தின்படி சனவரி 30 ஃபிரெட் கோரமாட்சு நாள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரைச் சிறைமுகாம்களில் அடைத்த ஆணைக்குப் பணிய மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1944இல் தோற்றவர் அவர். 1983இல் அவருடைய தண்டனை நீக்கப்பட்டது. அவர் நாளில் பள்ளிகள் திறந்திருக்கின்றன. அந்த வழக்கைப் பாடமாக நடத்த வேண்டும் என்பதே நாளின் நோக்கம். பள்ளி மூடிய விடுமுறையைவிடப் பள்ளி திறந்த சிறப்பு நாளில் குழந்தைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதை மறுப்பது கடினம்.

பிறந்தநாளைப் போற்றுவதா, நிகழ்ச்சி நடந்த நாளைப் போற்றுவதா?

ரோசா பார்க்ஸ் விஷயத்தில் மாநிலங்கள் இரண்டு வழியும் போயிருக்கின்றன. கலிபோர்னியாவும் மிசூரியும் அவர் பிறந்த பிப்ரவரி 4ஐத் தேர்ந்தெடுத்தன. ஒஹாயோவும் ஓரிகனும் அவர் கைதான திசம்பர் 1ஐத் தேர்ந்தெடுத்தன. இரண்டாவதே மேல். பிறந்தநாள் ஒருவரின் பிறப்பை நினைவூட்டுகிறது. கைதான நாள் அவர் எடுத்த முடிவை நினைவூட்டுகிறது. அந்த நாளில் பேருந்தும் ஓட்டுநரும் காவலரும் சட்டமும் சேர்ந்தே நினைவுக்கு வருவதால், பேச்சாளர் எவராலும் கதையை வெறும் நற்குணப் பாராட்டாகச் சுருக்கிவிட முடியாது.

திங்கட்கிழமைக்கு மாற்றியது மரியாதைக் குறைவு இல்லையா?

பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வாஷிங்டனின் பிறந்தநாளும் 1971 முதல் திங்கட்கிழமையில்தான் வருகிறது. வார நடுவில் அலுவலகம் மூடுவதால் வரும் செலவு பற்றிய எதிர்ப்பைத் தணித்துச் சட்டத்தை நிறைவேற்ற கேட்டி ஹாலுக்கு அந்த மாற்றம் உதவியது.

‘சேவை நாள்’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

1994இல் செனட்டர் ஹாரிஸ் வோஃபோர்டும், செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை ஊர்வலத்தின்போது அடிபட்ட பிரதிநிதி ஜான் லூயிஸும் கொண்டுவந்த சட்டம், கிங் விடுமுறையைத் தேசிய சேவை நாளாகவும் ஆக்கியது. ஓய்வு நாளாக அல்லாமல் உழைப்பு நாளாக இருக்கட்டும் என்பது அதன் முழக்கம். அன்று பூங்காவைத் துப்புரவு செய்வோரையும் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவோரையும் உணவு வங்கியில் மூட்டை கட்டுவோரையும் எந்த நகரத்திலும் காணலாம்.

நல்ல காரியம்தான். ஆனால் சுவருக்கு வண்ணம் பூசியதற்காக எவரும் கிங்கைச் சிறையில் அடைக்கவில்லை. உணவு வங்கியில் உழைப்பவர்கள், தம் நகரத்தில் இத்தனை பேர் ஏன் அங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்ற கேள்வியை அன்று மாலை ஒரு மணி நேரமாவது பேசினால் சேவைக்கும் இயக்கத்துக்கும் உறவு ஏற்படும். அந்தக் கேள்வியைத் தவிர்க்கும் வசதிக்காகவே சேவையை விரும்பும் அரசியல்வாதிகளும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற கிங்கின் உரையைக் கேட்பது போதாதா?

முழுதாகக் கேட்டால் நல்ல தொடக்கம். பெரும்பாலும் கேட்கப்படுவது கடைசிச் சில நிமிடங்கள். உரையின் முற்பகுதியில் கிங் கனவைப் பேசவில்லை, காசோலையைப் பேசினார்: அமெரிக்கா தன் கறுப்பினக் குடிமக்களுக்குக் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்றார். அந்த உரை நிகழ்ந்த 1963 வாஷிங்டன் பேரணியின் பெயரிலேயே ‘வேலை’ என்ற சொல் ‘விடுதலை’க்கு முன்னால் இருந்தது. 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரை அவர் கண்டித்தபோது, முன்பு ஆதரித்த நாளேடுகளே அவரைத் தாக்கின.

அவர் சொற்களை எடுத்துப் பயன்படுத்துவது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு சான்று: 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில் ஆற்றிய அருளுரையில், விளம்பரங்களுக்கு மயங்கித் தகுதிக்கு மீறிக் கார் வாங்குவதை அவர் எச்சரித்திருந்தார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, சூப்பர் பவுல் ஒளிபரப்பில், அதே அருளுரையின் வேறொரு பகுதியைப் பின்னணிக் குரலாக வைத்து ‘ராம்’ (Ram) என்ற பெயர் கொண்ட சரக்கு வண்டிக்கு விளம்பரம் வந்தது.

விடுமுறை அன்றும் வேலை செய்பவர்கள் யார்?

இந்தப் பக்கத்தில் எனக்கு முதன்மையாகப் படும் கேள்வி இதுவே. கிங் மெம்பிஸுக்குப் போனதற்குக் காரணம் அந்நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர், அழுத்தும் இயந்திரம் தானாக இயங்கியதில் நசுங்கி இறந்தார்கள். பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். முழுநேரம் உழைத்தும் அரசு உதவி இல்லாமல் குடும்பம் நடத்த முடியாத கூலி அவர்களுடையது. கிங் இறந்த பிறகு, ஏப்ரல் 16 அன்று, நகர நிர்வாகம் அவர்களுடைய சங்கத்தை ஏற்றது.

இன்று கிங் நாளன்று சம்பளத்தோடு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலை பார்ப்பவர்கள். உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்பவர் ஆகியோருக்கு அது இன்னொரு திங்கட்கிழமை. அவர் யாருக்காக உயிர்விட்டாரோ, அவர்களைப் போன்றோரைத் தாண்டிச் செல்கிறது அவர் பெயரிலான விடுமுறை. புதுப்புது நாள்களைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் இந்த ஒரு நாளைக் கடைநிலைத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்துடன் கிடைக்கச் செய்ய வேண்டும். அன்று பணியாற்றியே தீர வேண்டியவர்களுக்கு இரட்டைக் கூலி தர வேண்டும். இதைச் சட்டமாக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றங்களுக்கு உண்டு. தொழிற்சங்கங்கள் தம் ஒப்பந்தங்களில் கேட்டுப் பெறவும் முடியும்.

இந்த வரலாற்றுக்கும் இந்தியாவுக்கும், தமிழருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கிங் 1959இல் ஏறத்தாழ ஒரு மாதம் இந்தியாவில் பயணம் செய்தார். கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளியொன்றில் தலைமை ஆசிரியர் அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்’ என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு அது உண்மை என்று உணர்ந்ததாகவும் 1965இல் ஆற்றிய அருளுரையில் கிங்கே சொல்லியிருக்கிறார். நாஷ்வில் மாணவர்களுக்கு வன்முறையற்ற போராட்டத்தில் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபோதுதான் மான்ட்கமரிச் செய்தியைப் படித்தார்.

மற்றொரு தொடர்பு நேரடியானது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே அமெரிக்காவில் குடியேற முடிந்தது. குடிமை உரிமைச் சட்டத்தையும் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றிய அதே அலையில், 1965 அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், பிறந்த நாட்டை வைத்து ஆள்களைப் பிரித்த பழைய ஒதுக்கீட்டை நீக்கியது. அமெரிக்காவில் இன்றைய தமிழ்க் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கதவின் வழியே வந்தவை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான நடைமுறை எது?

பெரியார் பிறந்த செப்டம்பர் 17ஐச் சமூகநீதி நாளாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. அன்று விடுமுறை இல்லை. அரசு அலுவலகங்களில் ஊழியர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். கோரமாட்சு நாளைப் போலவே, வேலையை நிறுத்தாமல் வேலை நடக்கும் இடத்திலேயே நினைவுகூரும் முறை இது. உறுதிமொழி உதட்டோடு நின்றுவிடக் கூடியது என்ற குறை இரு நாட்டுக்கும் பொது.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் அன்று என்ன செய்யலாம்?

பொங்கல் விழாக்கள் நடக்கும் அதே வாரங்களில்தான் கிங் நாளும் வருகிறது. மண்டபமும் கூட்டமும் ஏற்கெனவே இருக்கும். தமிழ்ப்பள்ளி வகுப்பில் கால்வினைப் பற்றியோ கில்மோரைப் பற்றியோ ஒரு பாடம் நடத்தலாம். அந்தந்த நகரத்தின் கறுப்பினத் தேவாலயமோ உரிமை அமைப்போ நடத்தும் ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாம். தனியாக ஒன்று நடத்துவதைவிட அதுவே நல்லது. நேரில் கண்டவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அவர்களை அழைத்துப் பேசச் சொல்லலாம். வாக்காளர் பதிவு முகாமும் நடத்தலாம். ஆனால் முகாமை நடத்துவோர் தங்கள் மாநிலத்தின் விதிகளை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெறாத எவரும், நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும், பதிவுப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. அது பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே பாதிக்கும். பள்ளி விடுமுறை திங்களன்று என்பதால், குழந்தைகளுக்கான நிகழ்ச்சியைச் சனி அல்லது ஞாயிறு அன்று வைத்துக்கொண்டு, திங்கட்கிழமையை ஊர்வலத்துக்கு விட்டுவிடுவது வசதியாக இருக்கும்.